வந்த வழியே திரும்பும் வண்டி

யாழ்ப்பாணத்துக் கிராமத்து ஒழுங்கை ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொணர்ந்து பார்க்க வேண்டும். இருமருங்கும் கிடுகு வேலி. எதிரெதிரே இரண்டு வண்டில் வந்தால் விலக இடமில்லை. அந்த ஒழுங்கையின் முடிவிலே ஒரு வீடு. அவ்வீட்டுக்கு நெல்மூட்டை ஏற்றிவந்த வண்டில்காரர் பாரத்தை இறக்கிய பின்னர் வந்த வழியே திரும்பிச் செல்ல வேண்டும். எவ்வாறு திரும்புவார்? வளவு பெரிதாயின் கிணற்றையும் மாமரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, புகுந்த படலையாலேயே வெளியேறுவார். வளவு சிறிதாயின் படலையைச் சற்றே கடந்து சென்று, வண்டிலைப் பின்னோக்கிப் படலைக்குள் தள்ளி, பிறகு மறுதிசை நோக்கி முன்னேறுவார். அதற்கும் இடமில்லையாயின் மாடுகளை அவிழ்த்துவிட்டு, நின்ற நிலையிலேயே வண்டிலைத் தூக்கித் திருப்பி, மீண்டும் மாடுகளைப் பூட்டுவார்.

சுற்றிவருதல், பின்வாங்கித் திரும்புதல், நின்ற இடத்திற் சுழலுதல் என்னும் இம்மூன்று வழிகளே உலகெங்குமுள்ள புகையிரதப் பொறியியலாளருக்கும் கிடைத்த வழிகள். வீட்டு முற்றத்திலே சிறு தண்டவாளம் இட்டுச் சிறு புகையிரதம் ஓட்டி மகிழ்வோருக்கும் இம்மூன்றையன்றி வேறு வழியில்லை. பார்வைக்கு விளையாட்டுப் போலத் தோன்றும் இத்தொழிலினுள்ளே கேத்திரகணிதமும் மின்னியலும் பொறியியலும் அடங்கியிருக்கின்றன. சாவகச்சேரி போன்ற ஓர் ஊருக்கோ, அதனினும் நெருக்கமான ஒரு பொருளும் அதில் உண்டு.

சாவகச்சேரி ஒருகாலத்தில் ஒரு புகையிரதப் பாதையின் ஈற்று நிலையமாயிருந்தது என்பதை இன்று பலர் அறியார். வடபகுதிப் பாதையிலே யாழ்ப்பாணக் குடாநாடு முதன்முதலாகக் கண்ட புகையிரதம் கொழும்பிலிருந்து வந்ததன்று. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான 21 மைல் தூரமே 1902 மார்ச் மாதத்தில் முதலில் திறக்கப்பெற்றது. தெற்கே குருநாகலோடு நின்ற பாதைக்கும் இதற்கும் அப்போது தொடர்பே இல்லை. குடாநாட்டினுள்ளே தனித்து ஓடிய பாதை அது. பின்னர் தெற்கும் வடக்கும் இணைந்து, 1905 ஆகஸ்ட் முதலாந் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே புகையிரதம் வந்தது. ஆக, காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்ட வண்டி, பாதை தெற்கே நீளும்வரை, சாவகச்சேரியோடு நின்றது. அங்கே தண்டவாளம் முடிந்தது. வந்த வண்டி திரும்பியே ஆகவேண்டும்.

ஏன் திரும்ப வேண்டும்? புகையிரதம் முன்னும் ஓடும், பின்னும் ஓடும் அன்றோ எனச் சிலர் வினவலாம். ஓடும் என்பது உண்மையே. ஆயினும் நீராவி எஞ்சினின் அமைப்பை நோக்குக. முன்னே நீண்ட கொதிகலன். அதன் பின்னே ஓட்டுநர் நிற்கும் அறை. அதற்கும் பின்னே நிலக்கரியும் நீரும் சுமக்கும் தொட்டி வண்டி. பின்னோக்கி ஓடுமிடத்து அத்தொட்டி வண்டி ஓட்டுநர் கண்ணை மறைக்கும். நிலக்கரித் தூள் காற்றிலே பறந்து முகத்தில் அடிக்கும். ஆகவே நெடுந்தூரம் செல்லும் எஞ்சின் முன்முகமாய் ஓடுவதே முறையாயிற்று. பிற்காலத்தில் வந்த டீசல் எஞ்சின்களுள்ளும் ஒருபுறம் மட்டுமே ஓட்டுநர் அறை கொண்டவை பல. அவற்றுக்கும் திரும்பும் தேவை முற்றும் நீங்கவில்லை. இருபுறமும் ஓட்டுநர் அறையுடைய தொடர்வண்டிகள் வந்த பின்னரே இத்தேவை பெரும்பாலும் மறைந்தது. அங்கே வண்டி திரும்புவதில்லை. ஓட்டுநரே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து செல்கிறார்.

திரும்பாமலே காலங்கழிக்கும் எஞ்சினும் உண்டு. தமிழகத்து நீலகிரி மலைப் பாதை அதற்குச் சான்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பகுதி 1899இலும், உதகமண்டலம் வரையிலான பகுதி 1908இலும் திறக்கப்பெற்றன. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலே எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கத்திலேயே நிற்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னின்று தள்ளும்; இறங்கும்போது முன்னின்று தாங்கும். பெட்டிகள் உருண்டோடிவிடாமல் காப்பதே அங்கு முதற்கடன். திரும்புதல் அவ்வளவு வேண்டப்படுவதன்று. இடத்துக்கேற்ப முறை மாறும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி முற்றத்துப் புகையிரதத்துக்கு வருவோம். இவ்வகைச் சிறு புகையிரதங்களுட் பெயர்பெற்றது 45 மில்லிமீற்றர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடுவது. ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968இல் எல்.ஜீ.பீ. என்னும் பெயரோடு வெளியிட்ட வண்டிகள் இவ்வகலத்தின. மழையிலும் வெயிலிலும் வெளியே கிடந்து உழைக்கும்படி செய்யப்பட்டவை அவை. அவற்றின் அளவு உண்மை வண்டியில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. அவ்வளவிலே 45 மில்லிமீற்றர் என்பது ஒரு மீற்றர் அகலப் பாதையைக் குறிக்கும். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய படகுத் தொடர்வண்டியை முற்றத்தில் ஓட்ட விரும்புவோருக்கு இது மிகப் பொருந்தும். அப்பாதை மீற்றர் அகலப் பாதையே. இலங்கையின் பெரும்பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர் அகலமுடையது. அதை 45 மில்லிமீற்றர் ஆக்குவோமாயின் அளவு ஏறக்குறைய 37இல் ஒரு பங்காகும்.

இக்கணக்கை மேலும் சிறிது நீட்டிப் பார்க்கலாம். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையுள்ள 21 மைல் தூரத்தை இவ்வளவிலே அமைக்க 900 மீற்றருக்கு மேற்பட்ட தண்டவாளம் வேண்டும். எவர் வளவும் அதற்குப் போதாது. எனவே தூரத்தைச் சுருக்க வேண்டியதே. நாவற்குழியும் தச்சன்தோப்பும் சில அடிகளுக்குள் வந்து நிற்கும். தூரத்தைச் சுருக்குவது எளிது. திரும்பும் இடத்தைச் சுருக்குவதே கடினம். வளைவு எல்லை கடந்து இறுகினால் வண்டி தண்டவாளத்தை விட்டு வெளியே பாயும். மேற்சொன்ன வண்டிகள் ஏற்கும் மிகச் சிறிய வளைவின் ஆரை 600 மில்லிமீற்றர். 37 மடங்கு பெருக்கினால் அது ஏறத்தாழ 22 மீற்றர் ஆரையாகும். உண்மைப் பெரும்பாதை அவ்வளவு இறுக்கத்தைத் தாங்காது. இலங்கையின் மலைநாட்டுப் பாதையிலுள்ள மிக இறுகிய வளைவுகளே 5 செயின், அதாவது ஏறக்குறைய 100 மீற்றர் ஆரையுடையவை. ஆதலால் முற்றத்துப் பாதையில் இடம் அனுமதிக்கும்வரை வளைவை விரித்து இடுதலே அழகும் பாதுகாப்புமாம்.

மூன்று முறைகளுள் முதலாவதாகிய கண்ணிப் பாதையை இனி நோக்குவோம். நேரே வரும் பாதை ஒரு பாதைமாற்றியிற் பிரிந்து, பெரு வளையமாய்ச் சுழன்று, மீண்டும் அதே பாதைமாற்றியில் வந்து சேரும். கயிற்றிலே இட்ட சுருக்குக் கண்ணியின் வடிவம் இது. வண்டி ஒரு கிளையாற் புகுந்து மறுகிளையால் வெளிப்படும். அதனிடையே எஞ்சினும் பெட்டிகளும் ஒருசேரத் திரும்பிவிடும். எதையும் கழற்றவோ பூட்டவோ நிறுத்தவோ தேவையில்லை. கல்கத்தாவின் டிராம் வண்டிகள் ஈற்றிடங்களிற் சுற்றி வந்ததும், அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுசெல்லும் நெடும் புகையிரதங்கள் நில்லாமலே சுற்றித் திரும்புவதும் இம்முறையாலேயே. குறை யாதெனில் இடம். 600 மில்லிமீற்றர் ஆரையிற் சுற்றினாலும் வளையத்துக்கு மட்டும் 1.3 மீற்றர் அகலம் வேண்டும். அதனோடு கழுத்துப் பகுதிக்குரிய நீளமும் சேரும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் நன்று. பதுளைப் பாதையிலே தெமோதரையில் புகையிரதம் குன்றைச் சுற்றி வந்து, தான் நின்ற நிலையத்தின் கீழேயே சுரங்கத்துட் புகுந்து செல்லும் விந்தையைப் பலர் கண்டிருப்பர். அதுவும் சுற்றுப்பாதைதான். ஆயின் வண்டியைத் திருப்பி அனுப்புவதற்கு அமைந்ததன்று. உயரத்தை மெல்ல மெல்ல இறங்குவதற்கு அமைந்தது. டார்ஜீலிங் மலைப் பாதையின் சுற்றுகளும் அத்தகையனவே. சுற்றிய வண்டி தன் பயணத்தையே தொடர்கின்றது. வந்த வழியிற் கால் வைப்பதில்லை. வடிவம் ஒன்றாயினும் பயன் வேறு.

இரண்டாவது முறை முக்கோணப் பாதை. மூன்று பாதைமாற்றிகளும் மூன்று கிளைகளும் கொண்டது. வண்டி ஒரு பக்கத்தால் முன்னேறி, வால்போன்ற மூன்றாம் முனையில் நின்று, பின்வாங்கி மறுபக்கத்தால் வரும்போது அதன் முகம் மாறியிருக்கும். இலங்கையில் இத்தகைய முக்கோணத்தைப் பேராதனைச் சந்தியிற் காணலாம். கொழும்பு, கண்டி, பதுளை என்னும் மூன்று திசைப் பாதைகளும் அங்கே முக்கோணமாய்ச் சந்திக்கின்றன. சந்திப்புக்காக அமைந்த முக்கோணம் திருப்புவதற்கும் உதவும் என்பது அதன் சிறப்பு. முற்றத்திலே 600 மில்லிமீற்றர் ஆரையில் இட்டால் முக்கோணத்தின் அடி 1.2 மீற்றரும் ஆழம் 60 சென்ரிமீற்றரும் ஆகும். கண்ணியினும் இது ஒடுக்கமானது, வேலியோரத்தில் அடங்கும். ஆயினும் வால் முனைக்கு வண்டியின் முழு நீளம் வேண்டும். எஞ்சினை மட்டும் கழற்றித் திருப்புவதாயின் எஞ்சின் நீளமே போதும்.

மூன்றாவது திருப்புமேடை. குழியொன்றின் நடுவே அச்சில் நிற்கும் பாலம் அது. எஞ்சின் அப்பாலத்தில் ஏறி நிற்கும். பாலம் அரைவட்டம் சுழலும். எஞ்சின் முகம் மாறி இறங்கும். பல பத்துத் தொன் எடையுள்ள எஞ்சினை இரண்டு மூன்று பேர் கையாலே தள்ளித் திருப்பியதைக் கண்டு வியந்தோர் உளர். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கிணற்றடித் துலாவின் நியாயமே இது. துலாவின் அடிப்பாரமும் நீர் நிறைந்த வாளியும் ஒன்றையொன்று நிறுத்தி நிற்பதால் ஒருவர் கை அதை ஏற்றி இறக்க இயல்கிறது. அவ்வாறே எஞ்சினின் எடை அச்சின் இருபுறமும் சமமாய் அமையும்படி நிறுத்தினால், எடை முழுவதையும் அச்சு தாங்கிக்கொள்ளும். தள்ளுபவர் வெல்ல வேண்டியது உராய்வை மட்டுமே. சிறிது முன்னே பின்னே நின்றுவிட்டால் எத்தனை பேர் தள்ளினும் மேடை அசைய மறுக்கும். ஓட்டுநரின் கைப்பக்குவம் அங்கே புலப்படும்.

இடத்தைப் பொறுத்தவரை திருப்புமேடைக்கு நிகர் வேறில்லை. 55 அடி நீள எஞ்சின் நம் அளவிலே 45 சென்ரிமீற்றராகும். 50 சென்ரிமீற்றர் மேடை போதும். ஆனால் அது திருப்புவது எஞ்சினை மட்டுமே. பெட்டிகள் திரும்புவதில்லை, அவற்றுக்குப் பெரும்பாலும் முன்பின் இல்லையாதலால் கவலையுமில்லை. எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் ஓட்டி, பெட்டிகளின் மறுமுனையிற் பூட்ட வேண்டும். பின்புறக் கண்ணாடி வழியே காட்சி காணும் பெட்டியொன்று தொடரின் வாலில் இருக்குமாயின் அதையும் தனியே திருப்ப வேண்டியிருக்கும்.

நேயர்களே, இதுவரை சொன்னவை கேத்திரகணிதத்தின்பாற் பட்டவை. முற்றத்துப் புகையிரதம் மின்சாரத்தால் ஓடுவதாயின் இன்னொரு சிக்கல் எழுகின்றது. உண்மைப் புகையிரதத்தார் அறியாத சிக்கல் அது. புதிதாக இத்தொழிலில் இறங்குவோர் மனமுடைந்து பாதையைக் கிளறியெடுப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

சிறு எஞ்சினுக்குரிய நேரோட்ட மின்சாரம் தண்டவாளத்தின் வழியே வருகின்றது. இரு தண்டவாளங்களுள் ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. தொட்டாற் குறுஞ்சுற்று உண்டாகும். இப்போது கண்ணிப் பாதையை எண்ணுக. ஒருவர் இடது தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து, விரலை எடுக்காமலே பாதையோடு நடக்கிறார் என வைத்துக்கொள்வோம். கண்ணிக்குட் புகுந்து, வளையத்தைச் சுற்றி, புறப்பட்ட பாதைமாற்றிக்கு அவர் திரும்பி வருகின்றார். விரல் இன்னமும் அவருக்கு இடப்புறத் தண்டவாளத்திலேயே இருக்கின்றது. ஆனால் அவர் முகம் திரும்பிவிட்டது. ஆகவே அவருடைய இடப்புறம் முன்னைய வலப்புறமாகிவிட்டது. புறப்படும்போது நேர்முனையாயிருந்த தண்டவாளம் இங்கே எதிர்முனையோடு வந்து முட்டுகின்றது. வண்டியை வைக்குமுன்னரே குறுஞ்சுற்று ஆயத்தமாகிவிட்டது. முக்கோணத்திலும் திருப்புமேடையிலும் இதே விளைவு வேறு வேடத்தில் வரும். வண்டி எங்கெல்லாம் முகம் மாறி அதே பாதையில் இறங்குகிறதோ, அங்கெல்லாம் முனைகளும் மாறும். இது விதி.

பரிகாரம் உண்டு. கண்ணியின் இரு வாயிலிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டி, இடையே காவலித் துண்டு செருகி, உள்வளையத்தை மின்னளவில் தனியாக்க வேண்டும். அத்தனிப் பகுதிக்கு நான்கு இருவாயிகள் கொண்ட அமைப்பொன்றின் வழியே மின்னூட்ட வேண்டும். வெளியே முனை எவ்வாறு மாறினும் உள்ளே முனை மாறாது. எனவே வண்டி உள்ளே எப்போதும் ஒரே திசையிலேயே சுற்றும். வண்டி வளையத்துள் இருக்கும்போது ஓட்டுபவர் வெளிப்பாதையின் முனைகளை மாற்றிவிடுவார். வண்டி வெளியேறும் வேளையில் இருபகுதியும் ஒத்திருக்கும், தடையின்றி வெளிவரும். ஒரு நிபந்தனை மட்டும் மறக்கலாகாது. தனிப்பட்ட பகுதி வண்டியினும் நீளமாயிருத்தல் வேண்டும். விளக்கெரியும் பெட்டிகள் சக்கரத்தால் மின்னெடுப்பனவாதலால், வால் வெளியேயும் தலை உள்ளேயும் ஒரேநேரத்தில் இருவேறு முனைகளைத் தொட்டால் பழைய குற்றமே நிகழும். முக்கோணத்தில் ஒரு கிளையைத் தனியாக்கினாற் போதும். திருப்புமேடையில் அச்சைச் சுற்றி இரண்டாய்ப் பிளந்த வளையத்தை அமைத்தால், மேடை சுழலும்போதே முனைகள் தாமே மாறிக்கொள்ளும்.

இக்காலத்திலே வேறு வழிகளும் உள. இலக்கமுறைக் கட்டளையால் ஓடும் எஞ்சினுக்குத் திசையை நிர்ணயிப்பது தண்டவாள முனையன்று, அதற்குச் செல்லும் கட்டளையே; கண்ணியின் முனையை நொடியினும் குறைந்த பொழுதில் மாற்றிவிடும் தன்னியக்கக் கருவியும் அதற்கு உண்டு. இன்னும் எளியது மின்கலத்தை எஞ்சினுள்ளேயே வைத்து வானொலி அலையால் இயக்குதல். அப்போது தண்டவாளத்தில் மின்சாரமே இல்லை. எவ்வடிவிற் பாதை இட்டாலும் குறுஞ்சுற்று என்னும் பேச்சுக்கே இடமில்லை. உண்மை நீராவியால் ஓடும் சிறு எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

பாதைமாற்றியே வேண்டாம் என்போருக்கு ஓர் உபாயம் உண்டு. வட்டமாய் முடிந்த கயிற்றைத் தரையிலிட்டு நடுவில் இருபுறமும் அழுத்தினால், இரு முனையிலும் இரு வளையமும் நடுவே அடுத்தடுத்து ஓடும் இரு கோடுகளும் தோன்றும். பாதையை அவ்வடிவில் இட்டால், காண்போருக்கு அது போக ஒன்று வர ஒன்றாக அமைந்த இரட்டைப் பாதையாய்த் தோன்றும். வண்டி சென்ற வண்ணமும் திரும்பிய வண்ணமும் இருக்கும். உண்மையில் அது நசுங்கிய வட்டமே. இரு கோடுகளும் எங்கும் இணையாமையால் முனைச் சிக்கலும் இல்லை.

இனிச் சாவகச்சேரி மண்ணுக்கு எது ஏற்றது? நூலிற் படிப்பது வேறு, தென்மராட்சி வளவில் இடுவது வேறு. மணற்பாங்கான நிலம், பலாவும் மாவும் தென்னையும் செறிந்த சோலை, அருகே கடனீரேரி. மாரிகாலத்திலே பள்ளமான இடமெங்கும் நீர் தேங்கும். திருப்புமேடையின் குழியே முதலில் நிறையும் குளம். அடியிலே வடிகால் வைக்காதவர் அதைத் தவளைக்குக் கொடுத்துவிடுவார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்து பாதைமாற்றியின் நாக்கிடையே புகும். சருகு விழுந்து வழி மறிக்கும். அதனாற் பாதைமாற்றிகள் எத்துணைக் குறைவோ அத்துணை நலம். உப்புக்காற்றுப் பட்ட பித்தளைத் தண்டவாளத்தில் படலம் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். நாள்தோறும் துடைக்க வேண்டிவரும். வெயிலுக்குப் பித்தளை நீளும் என்பதையும் எண்ண வேண்டும். 10 மீற்றர் நீளத் தண்டவாளம் 25 பாகை வெப்பம் ஏறும்போது ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளும். இணைப்புகளில் அந்த இடைவெளியை விடாதவர் பாதை நண்பகலிலே நெளிந்து நிற்கும். இவற்றையெல்லாம் சீர்தூக்கின், நிலமட்டத்தினின்று சற்றே உயர்த்திய மேட்டிலே, இருமுனையும் விரிந்த கண்ணியாய், மின்கலம் சுமந்த எஞ்சினோடு அமைத்தலே இவ்வூருக்கு ஏற்றதெனத் தோன்றும். இடம் ஒடுங்கிய வளவுக்கு வேலியோர முக்கோணம் ஏற்றது.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்பாருளர். அவர்கள் ஒரு கணக்கைச் செவிமடுக்க வேண்டும். 1956 ஏப்ரலில் யாழ்தேவி என்னும் பெயரோடு ஓடத் தொடங்கிய வண்டி ஒரு தலைமுறையின் வாழ்வோடு பின்னிக் கிடந்தது. 1990 ஜூன் மாதத்தோடு குடாநாட்டுக்குப் புகையிரதம் நின்றது. போர்க்காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2000ஆம் ஆண்டின் போரிலே சாவகச்சேரி நகரமே சிதைந்தது. பின்னர் இந்திய நிறுவனமாகிய இர்கொன் பாதையைப் புதிதாக இட, 2014 மார்ச்சில் பளை வரையும், அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியிலே காங்கேசன்துறை வரையும் வண்டி மீண்டது. 1986இல் இவ்வூரிற் பிறந்த பிள்ளைக்குப் புகையிரதம் நின்றபோது வயது 4. அது மீண்டு வந்தபோது வயது 28. பள்ளிப் பருவம் முழுவதும் புகையிரதத்தைப் படத்திலன்றிக் காணாது கழிந்தது. சந்தைக்குச் செல்லும் வழியில் புதர் மண்டிக் கிடந்த மேட்டைக் காட்டி, இதுதான் கோச்சி ஓடிய பாதை என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

அத்தலைமுறையினரின் பிள்ளைகள் இன்று புத்தகப்பையோடு பள்ளி செல்கின்றார்கள். அவர்களுள் ஒரு சிறுவன், புகையிரதம் தெற்கு நோக்கிப் போவதைப் பார்த்து நின்று, "அப்பப்பா, கோச்சி அங்க போய் எப்பிடித் திரும்பும்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். தந்தையிடம் கேட்டால் விடை வராது. அவர் காணாதது அது. பாட்டனாரிடமே விடை உண்டு. நீராவி எஞ்சினைக் கண்டவர் அவர்; தொட்டி வண்டியும் கரித்தூளும் அவர் கண்ட காட்சிகள். அந்த விடையைச் சொல்லாற் சொல்வதினும், முற்றத்திலே பத்தடித் தண்டவாளம் இட்டு ஒரு கண்ணி வளைத்துக் காட்டுவது மேல். பேரன் அன்று கற்பது வட்டத்தின் ஆரையை, மின்னின் முனைகளை, துலாவின் நியாயத்தை. அவற்றோடு, இடையில் அறுந்துபோன ஓர் இழையும் முடிச்சிடப்படும். பாட்டனாரின் நினைவு தந்தையைத் தாண்டிப் பேரன் கைக்கு நேரே போய்ச் சேரும். அதைப் பார்த்து நிற்கும் தந்தைக்கும், 4 வயதில் கை நழுவிய ஒன்று கைக்குத் திரும்பும்.

அவ்வாறு அமைக்க முற்படுவோர் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பாதை போடத் தொடங்குவோர் பலரும் புறப்படும் நிலையத்தை முதலிற் கட்டுவர். நிலையத்துக்குப் பெயர்ப்பலகையும் நட்டுவிட்டு, வேலியோரம் போய்ச் சேர்ந்த பிறகே திரும்பும் வழியை எண்ணுவர். அப்போது இடமிராது, இட்ட பாதையைக் கிளற வேண்டிவரும். ஆதலின் திரும்பும் இடத்தை முதலிற் குறித்து, மற்றவற்றைப் பின்னர் இடுக. ஒழுங்கைக்குள் வண்டிலை ஓட்டும் அனுபவசாலி, உள்ளே நுழையுமுன்னரே அந்த வீட்டு வளவு எவ்வளவு அகலம் என்று கேட்டறிந்துகொள்வார். 1902இல் இவ்வூரிலே பாதை முடிந்த இடத்தில் நின்றவர்களும், மீண்டும் தண்டவாளம் வருமென்று 24 ஆண்டு காத்திருந்தவர்களும் நன்கறிந்த உண்மை அது. போவதற்கு ஒரு பாதை போதும். திரும்பி வருவதற்கோ இடமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.